சோற்றைக் குறைத்து, தசையைக் காப்பாற்றி எடை குறைப்பது எப்படி

ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி ஹாலில் பெண்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் நாற்பதைத் தாண்டியவர்கள். ஆசிரியைகள், வங்கியில் வேலை பார்ப்பவர்கள், வீட்டைக் கவனித்துக்கொள்பவர்கள். சேர வரும்போதே இரண்டு கட்சியாக வருவார்கள். ஒரு கட்சி, "சோத்தையே நிறுத்திட்டேன் மேடம், எக்சர்சைஸ் அவசியமா?" என்று கேட்கும். மற்றது, "சாப்பாட்டுல மட்டும் கை வைக்காதீங்க, எவ்வளவு வேணும்னாலும் வேலை வாங்குங்க" என்று சொல்லும்.

இரண்டு கட்சிக்கும் என் பதில் ஒன்றுதான். எடை இறங்குவது பெரும்பாலும் தட்டால். இறங்குகிற எடையில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்பதும், இறங்கியது திரும்ப ஏறாமல் நிற்குமா என்பதும் பயிற்சியின் கையில். இதில் ஒன்றின் வேலையை மற்றதன் தலையில் கட்டினால் மூன்றாவது மாதம் சோர்ந்து உட்கார்ந்துவிடுவீர்கள். அப்படிச் சோர்ந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மாத்திரைச் சீட்டு

இதைத் தாண்டிக்கொண்டு கீழே போகாதீர்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் திடீரென்று சோற்றைக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து, வியர்த்து மயக்கம் வரலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு வேறு ஆபத்து. மாவுச்சத்தை மிகவும் குறைத்தால், மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரக்கூடும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை அது. ரத்த அழுத்த மாத்திரையின் அளவையும் சில வாரங்களில் மாற்ற வேண்டி வரலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள் தாங்களாக எதையும் தொடங்க வேண்டாம். புதிதாக வருபவர்களிடம் நான் சீட்டை வாங்கிப் பார்ப்பேன். இதில் ஏதாவது இருந்தால், தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வந்த பிறகுதான் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவேன்.

தைராய்டு என்றால் டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை பார்த்து மாத்திரையைச் சரியாகப் போட்டுக்கொண்டால் போதும். தைராய்டு குறைவால் மட்டும் ஏறுகிற எடை பொதுவாக இரண்டு முதல் ஐந்து கிலோதான், அதிலும் பெரும்பகுதி நீர். பதினைந்து கிலோவையும் அதன் கணக்கில் எழுத முடியாது.

உடம்பு எதற்கு எவ்வளவு செலவழிக்கிறது

மெட்டபாலிசம் என்று நாம் பேசுவது உடம்பின் ஒரு நாள் சக்திச் செலவைத்தான். அதில் 60 முதல் 70 சதவீதம், நீங்கள் அசையாமல் படுத்திருந்தாலும் போகிறது: இதயம், மூளை, ஈரல், சிறுநீரகம் ஓடுவதற்கு. 10 சதவீதம் அளவுக்குச் சாப்பிட்டதைச் செரிக்கப் போகிறது. மிச்சம்தான் நடமாட்டத்துக்கும் பயிற்சிக்கும்.

உங்கள் கணக்கை நீங்களே போடலாம். எடையை (கிலோ) 10ஆல் பெருக்குங்கள். உயரத்தை (சென்டிமீட்டர்) 6.25ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5ஆல் பெருக்கிக் கழியுங்கள். பெண் என்றால் 161ஐக் கழிக்க வேண்டும், ஆண் என்றால் 5ஐக் கூட்ட வேண்டும். 45 வயது, 155 சென்டிமீட்டர், 70 கிலோ உள்ள ஒரு பெண்ணுக்கு 1,280 கலோரி சொச்சம் வரும். இது படுத்திருக்கும் செலவு. வீட்டு வேலை, கொஞ்சம் நடை எல்லாம் சேர்த்து 1.4ஆல் பெருக்கினால் 1,800க்குக் கொஞ்சம் கீழே. தராசு அவருக்கு இறங்க வேண்டுமானால் சாப்பாடு 1,400 பக்கம் வர வேண்டும். இது தோராயம்தான், ஆளுக்கு ஆள் நூறு இருநூறு மாறும். ஆனாலும் எங்கே நிற்கிறோம் என்று காட்டிவிடும்.

அதே பெண் 60 கிலோவுக்கு வந்தபின் இதே கணக்கைப் போட்டால் 1,180. படுத்திருக்கும் செலவிலேயே நாளுக்கு நூறு கலோரி குறைந்துவிட்டது. சுமந்து நடக்கும் எடையும் குறைந்ததால் நடையின் செலவும் குறைகிறது. மூன்றாவது நான்காவது மாதம் தராசு நின்றுவிடுவதற்கு முதல் காரணம் இதுதான். உடம்பு உங்களை எதிர்க்கிறது என்று அழ வேண்டாம். சின்ன உடம்புக்குச் செலவு கம்மி.

நாற்பது வந்தால் மெட்டபாலிசம் படுத்துவிடும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். 2021ல் சயன்ஸ் இதழில் ஹெர்மன் பான்ட்ஸரும் பல நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 6,400 பேருக்கு மேலானவர்களின் அளவீடுகளை வெளியிட்டார்கள். பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் 95 வயதுக்காரர் வரை அதில் உண்டு. உடம்பின் அளவையும் தசையையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வரை செலவு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் தனியான சரிவு எதுவும் தெரியவில்லை. இது எனக்குப் பெரிய ஆறுதலான செய்தி. வகுப்பில் அடிக்கடி சொல்வேன். 45 வயதில் இடுப்பு பெருத்திருந்தால் தசை குறைந்திருக்கிறது, நடமாட்டம் குறைந்திருக்கிறது, தட்டு அப்படியே இருக்கிறது. மூன்றுமே நம்மால் மாற்ற முடிந்தவை.

ஜிம் விளம்பரங்களில் சொல்கிற ஒன்றை நான் சொல்ல மாட்டேன். தசையைக் கூட்டினால் தூக்கத்திலும் கொழுப்பு கொட்டும் என்பார்கள். ஒரு கிலோ தசை சும்மா இருக்கையில் நாளுக்கு 13 கலோரி அளவுக்குத்தான் செலவழிக்கும். அரைக் கரண்டி சோறு கூட இல்லை. தசையின் பயன் வேறு இடத்தில் இருக்கிறது. சாப்பிட்ட மாவுச்சத்து போய்த் தங்குகிற பெரிய கிடங்கு அதுதான். வேலை செய்கிற தசை, இன்சுலின் அதிகம் இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

நமக்கு அது இரட்டிப்பு முக்கியம். 2004ல் லான்செட் இதழில் ஒரு படம் வந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண், 22.3. உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பார்வைக்கு ஒல்லியாக, உள்ளே கொழுப்போடு இருக்கும் உடம்பு நம்முடையது. அதனால்தான் நம்மவர்களுக்கு பிஎம்ஐ 23லேயே எச்சரிக்கை தொடங்குகிறது. இப்படிப்பட்ட உடம்பில் பட்டினி கிடந்து தசையையும் கரைத்தால், தராசு இறங்கியும் சர்க்கரை இறங்காது.

மாவுச்சத்தைக் குறைப்பது உண்மையில் என்ன செய்கிறது

அரிசியை விட்டால் மெட்டபாலிசம் பற்றிக்கொண்டு எரியும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். அமெரிக்காவில் கெவின் ஹால் 17 ஆண்களை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, ஒவ்வொரு கவளத்தையும் அளந்து கொடுத்துப் பார்த்தார். மாவுச்சத்தை ஏறக்குறைய அடியோடு நீக்கிய கீட்டோ உணவுக்கு மாறியபோது செலவு கூடியது நாளுக்கு நூறு கலோரிக்கும் குறைவு. ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னரின் குழு 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மாவுச்சத்தையும் மறுபாதிக்குக் கொழுப்பையும் ஓராண்டு குறைத்தது. 2018ல் முடிவு வந்தது: மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்குச் சராசரியாக 6 கிலோ, கொழுப்பைக் குறைத்தவர்களுக்கு 5.3 கிலோ. பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாத அளவு.

பிறகு ஏன் நான் சோற்றைக் குறைக்கச் சொல்கிறேன்? நம் தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடப்பதால். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாளின் சக்தியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. நாம் சாப்பிடுவது 50 முதல் 70 சதவீதம். காலையில் 4 இட்லி சாப்பிட்டால் மாவுச்சத்து 40 கிராம் பக்கம் வரும், புரதம் ஏழெட்டு கிராமைத் தாண்டாது. பதினோரு மணிக்கே பசிக்கும், பிஸ்கட் வரும். புரதம் கூடினால் பசி அடங்குகிறது. அதைச் செரிக்க உடம்பு அதன் சக்தியில் 20 முதல் 30 சதவீதத்தைச் செலவழிக்கிறது, மாவுச்சத்துக்கு 5 முதல் 10தான். தசையும் காப்பாற்றப்படுகிறது. சோற்றைக் குறைப்பது புரதத்துக்கு இடம் விடத்தான். இடத்தைக் காலியாகவே விட்டால் அது வெறும் பட்டினி.

அந்த இடத்தில் வெறும் கொழுப்பை நிரப்பினாலும் பயனில்லை. தானியத்தை விட்டுக் கொழுப்பைக் கூட்டும் பேலியோ உணவுமுறை தமிழ்நாட்டில் பரவிய நாளிலிருந்து காலையில் நூறு பாதாம் சாப்பிடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. நூறு பாதாம் என்பது 700 கலோரி சொச்சம். 1,400 கலோரிக்குள் நிற்க வேண்டிய பெண்ணுக்கு அது பாதி நாள். தேங்காயெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. சோறுதான் இல்லையே என்று எண்ணெயையும் நெய்யையும் கணக்கில்லாமல் ஊற்றினால் தராசு அசையாது.

தட்டை மாற்றுவது

நாளுக்கு 100 முதல் 130 கிராம் மாவுச்சத்து என்பது நான் சொல்லும் அளவு. கீட்டோவில் இருப்பவர்கள் 50க்கும் கீழே போவார்கள். கல்யாணம், கோவில், விரதம், நான்கு பேருக்கு ஒரே அடுப்பில் சமையல் என்று இருக்கும் வீட்டில் அது நீடிப்பதில்லை.

ஒரு சமையலறைத் தராசு வாங்குங்கள். முதல் இரண்டு வாரத்துக்காவது சோற்றை எடை போட்டுத் தட்டில் வையுங்கள். வெந்த சோறு 100 கிராமில் 28 கிராம் மாவுச்சத்து, 130 கலோரி. சாம்பார், ரசம், மோர் என்று மூன்று தடவை சோறு போட்டுச் சாப்பிடும் நம் மதியச் சாப்பாட்டில் 350 கிராம் எளிதாகப் போய்விடும். மாவுச்சத்து மட்டும் அதில் நூறு கிராம் வந்துவிட்டது. அதை 150 கிராமாக்குங்கள். ஒரே தடவை, சாம்பாருக்கு மட்டும். ரசத்தைக் குடியுங்கள். தயிரைக் கிண்ணத்தில் வெள்ளரிக்காயோடு சாப்பிடுங்கள். தயிர்சாதத்தில் கை வைத்தால்தான் எங்கள் ஊரில் கோபம் வரும். ஆனால் மூன்றாவது வாரத்தில் பெரும்பாலோர் பழகிவிடுகிறார்கள்.

புரதம், உங்கள் எடைக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம். 70 கிலோ பெண்ணுக்கு 70 கிராமாவது வேண்டும். அசைவம் சாப்பிடும் ஒருவருக்கு நான் எழுதிக்கொடுத்த நாள் இது: காலையில் ஒரு பச்சைப்பயறு தோசை, 2 முட்டை. மதியம் 150 கிராம் சோறு, காந்தி மார்க்கெட்டில் கிடைக்கிற ஏதாவது மீன் 100 கிராம் குழம்பில், பருப்பு கெட்டியாக இருக்கும் சாம்பார், ஒரு பெரிய கிண்ணம் பொரியல், தயிர். மாலையில் 30 கிராம் கொண்டைக்கடலையை வேகவைத்த சுண்டல். இரவில் 75 கிராம் பனீரும் குடைமிளகாயும் வதக்கியது. சர்க்கரை இல்லாத காபி இரண்டு. எல்லாம் சேர்த்து 1,400 கலோரி பக்கம், புரதம் 70 கிராம் பக்கம், மாவுச்சத்து 120க்குள்.

சைவத்தில் கொஞ்சம் கூடுதலாகத் திட்டமிட வேண்டும், ஏனென்றால் பருப்பில் புரதத்தைவிட மாவுச்சத்து அதிகம். துவரம்பருப்பு 100 கிராமில் புரதம் 22 கிராம், மாவுச்சத்து 55க்கு மேல். பருப்பையே நம்பியிருந்தால் கணக்கு உதைக்கும். மீனுக்குப் பதில் 30 கிராம் மீல்மேக்கர் போட்டால் 15 கிராம் புரதம் கிடைக்கும். ஊறவைத்து இரண்டு தடவை பிழிந்து, மிளகு சேர்த்து வறுத்தால் பச்சை வாடை வராது. பனீர், கெட்டித் தயிர், முளைகட்டிய பயறு, அளவான வேர்க்கடலை ஆகியவை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

சோற்றை விட்டு வேறு தானியத்துக்கு மாறுவதைக் குறைப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஏகாதசிக்குச் சோறு கிடையாது, சரி. ஆனால் அன்று ரவை உப்புமா, கோதுமை தோசை, ஜவ்வரிசி என்று போகிறது. வேகவைக்காத சிறுதானியத்திலும் 100 கிராமுக்கு 60 முதல் 70 கிராம் மாவுச்சத்து உண்டு. நார்ச்சத்து கூடுதல், அதனால் நல்லதுதான், சாப்பிடுங்கள். அளவு மட்டும் சோற்றுக்கு உள்ள அதே அளவு.

காபிக்கு வருவோம். டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, நாளுக்கு நான்கு டம்ளர் என்றால் சர்க்கரை மட்டும் 35, 40 கிராம். வேறு எதையும் மாற்ற மனமில்லாதவர்கள் இதிலிருந்தாவது தொடங்குங்கள்.

பயிற்சி: தூக்குவது முதலில், நடப்பது அடுத்து

நடையை மட்டும் நம்பி எடை குறைக்க முயல்வது கடினம். 70 கிலோ உள்ளவர் 5 கிலோமீட்டர் நடந்தால் கூடுதலாகச் செலவாவது 200 கலோரி அளவுக்குத்தான். நடை முடிந்து வரும் வழியில் இரண்டு மெதுவடையும் ஒரு காபியும் சாப்பிட்டால் அது தாண்டிவிடும். இன்னொரு விஷயமும் உண்டு. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களை பான்ட்ஸர் குழு அளந்து பார்த்தபோது, உடம்பின் அளவைக் கணக்கில் எடுத்தால் அவர்களின் ஒரு நாள் செலவு மேலை நாட்டு நகரவாசியின் செலவை ஒட்டியே இருந்தது. அத்தனை நடந்தும் அப்படி. ஒரு பக்கம் செலவு கூடினால் உடம்பு இன்னொரு பக்கம் சுருக்கிக்கொள்கிறது. காலையில் ஒரு மணி நேரம் வேர்க்க விறுவிறுக்க நடந்துவிட்டு, பகல் முழுக்க டிவி முன்னால் சாய்ந்திருப்பதும் அந்தச் சுருக்கலில் சேர்த்திதான்.

மாறாக, உணவை மட்டும் குறைத்து எடை இறக்கினால், இறங்குவதில் நான்கில் ஒரு பங்கு தசையும் அதைச் சேர்ந்த திசுவுமாக இருக்கக்கூடும். இதைத் தடுப்பது எடை தூக்கும் பயிற்சி. அதனால் என் வகுப்பில் வாரம் மூன்று நாள் அதுதான், ஒவ்வொன்றும் 40 நிமிடம்.

வீட்டில் செய்ய விரும்புபவர்களுக்கு: நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்திருங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலி மேல் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். பழகியபின் நாற்காலியை எடுத்துவிட்டால் அதுவே பஸ்கி. சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுங்கள், பிறகு சமையல் மேடை, பிறகு கட்டில் விளிம்பு என்று தாழ்த்திக்கொண்டே போங்கள். பாதி நிரப்பிய வாளியை, முதுகை வளைக்காமல் இடுப்பைப் பின்னால் தள்ளித் தூக்கி வையுங்கள். 5 கிலோ அரிசிப் பையை ஒரு கையால் பிடித்து, மற்ற கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, விலாவை நோக்கி இழுங்கள். தண்ணீர் நிரப்பிய 2 லிட்டர் பாட்டில்களைத் தலைக்கு மேலே தூக்குங்கள். கடைசியாக இரண்டு கையிலும் கனமான பையோடு ஹாலில் நடங்கள். ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, இரண்டு மூன்று சுற்று. கடைசி இரண்டு தடவை சிரமமாக இருக்க வேண்டும். சிரமம் தெரியவில்லை என்றால் எடையைக் கூட்டும் நேரம் வந்துவிட்டது. 12 தடவையும் சுலபமாக வந்த பிறகும் அதே பாட்டிலோடு ஆறு மாதம் இருப்பவர்களுக்குத் தசைக்கு எந்தச் செய்தியும் போவதில்லை. தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் முக்கியமாக.

நடையைச் சாப்பாட்டுக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். மதியமும் இரவும் சாப்பிட்டு எழுந்ததும் 10, 15 நிமிடம். நடக்கும் கால் தசை அப்போதுதான் ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையை வாங்கிக்கொள்ளும். இரவு எட்டு மணிக்கு மேல் சித்திரை வீதிகளில் எங்கள் ஆட்களை இரண்டு மூன்று பேராகப் பார்க்கலாம். பேசிக்கொண்டே போகும் வேகம் போதும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சியும், இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும். சாப்பாட்டுக்குப் பின் நடையிலேயே 150 நிமிடம் நிறைந்துவிடும்.

மிச்ச நேரத்தில் எழுந்து நடமாடிக்கொண்டிருப்பதை அற்பமாக நினைக்காதீர்கள். 1999ல் மேயோ கிளினிக்கில் ஜேம்ஸ் லெவின் 16 பேருக்கு எட்டு வாரம் நாளுக்கு 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார். ஒருவருக்கு ஏறிய கொழுப்பு அரைக் கிலோவுக்கும் கீழே, இன்னொருவருக்கு நான்கு கிலோவுக்கு மேல். தன்னையறியாமல் எழுவது, நிற்பது, அசைவது யாருக்குக் கூடியதோ அவர் தப்பினார். போனில் பேசும்போது நடங்கள். துணியைக் கொடியில் நீங்களே காயப்போடுங்கள்.

முதல் இரண்டு வாரம்

இந்தக் காலத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், அதனால் என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கால் கனக்கும். மலைக்கோட்டைப் படி ஏறினால் வழக்கத்தைவிடச் சீக்கிரம் மூச்சு வாங்கும். தலை லேசாகச் சுற்றலாம். தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை அரைக் கிலோ அளவுக்கு இருக்கும். மாவுச்சத்து குறைந்ததும் அது இறங்குகிறது. அதோடு பிணைந்திருக்கும், அதைப்போல் மூன்று மடங்கு நீரும் போகிறது, உப்பும் கூடவே போகிறது. அதனால் டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லாதவர்கள் உப்புப் போட்ட நீர்மோர் இரண்டு டம்ளர் குடியுங்கள். கீரையும் காயும் தாராளமாகச் சாப்பிடுங்கள், மலச்சிக்கலும் வராது. இந்த இரண்டு வாரம் எடையைக் கூட்ட வேண்டாம், வேகமாக ஓட வேண்டாம். நடையும் இலேசான தசைப் பயிற்சியும் போதும்.

கடுமையாகப் பயிற்சி செய்யும் நாளில், அன்றைய 150 கிராம் சோற்றைப் பயிற்சி முடிந்த பிறகு வரும் சாப்பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வேகமான வேலைக்குத் தசைக்குக் கிளைக்கோஜன் தேவை. ஆஸ்திரேலியாவில் லூயிஸ் பர்க் உலகத் தரமான வேகநடை வீரர்களுக்கு மாவுச்சத்தை அடியோடு குறைத்துப் பார்த்தார். கொழுப்பை எரிப்பது அவர்களுக்கு நன்றாகவே கூடியது, ஆனால் அதே வேகத்தில் நடக்க அதிக ஆக்சிஜன் தேவைப்பட்டது, பந்தயத்தில் முன்னேறவில்லை. கல்லூரியில் கபடி, ஓட்டம் என்று இருக்கும் மகளுக்கு உங்கள் தட்டைப் போடாதீர்கள். அவளுக்குச் சோறு வேண்டும்.

தராசை எப்படிப் படிப்பது

முதல் வாரத்தில் ஒன்றரை, இரண்டு கிலோ இறங்கும். சந்தோஷப்படுங்கள், ஆனால் அதில் பெரும்பகுதி மேலே சொன்ன நீர். ஒரு கிலோ உடல் கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி. நாளுக்கு 400 கலோரி குறைத்தால் ஒரு கிலோவுக்கு மூன்று வாரம் ஆகும். மாதம் ஒன்றரை கிலோ என்பது நல்ல வேகம். வேறு யாருக்கோ மாதம் எட்டு கிலோ இறங்கியது என்ற கதையை வைத்து உங்களை அளக்காதீர்கள்.

அதேபோல, கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட மறுநாள் ஒன்றரை கிலோ ஏறினால், அதுவும் திரும்பி வந்த நீர்தான். ஒரே விருந்தில் ஒன்றரை கிலோ கொழுப்பு சேர 11,000 கலோரிக்கு மேல் வேண்டும், அவ்வளவு சாப்பிட யாராலும் முடியாது. வழக்கமான தட்டுக்குத் திரும்புங்கள், மூன்று நாலு நாளில் இறங்கிவிடும். தண்டனையாக மறுநாள் பட்டினி கிடப்பதை எங்கள் வகுப்பில் நான் அனுமதிப்பதில்லை.

வாரத்தில் மூன்று காலை எடை பார்த்துச் சராசரியை எழுதுங்கள். மாதம் ஒருமுறை இடுப்பை அளங்கள்: கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின். பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள், ஆண்களுக்கு 90க்குள் இருப்பது குறி. எடை நின்று இடுப்பு இறங்கினால் கொழுப்பு குறைந்து தசை நிற்கிறது என்று பொருள், எதையும் மாற்ற வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை), கொலஸ்ட்ரால் பாருங்கள். சிலருக்கு மாவுச்சத்து குறைந்து கொழுப்பு கூடும்போது கெட்ட கொலஸ்ட்ரால் ஏறுகிறது. அப்படி ஏறினால் நெய், தேங்காய், வெண்ணெயைக் குறைத்துக் கடலை எண்ணெய் பக்கம் வாருங்கள், டாக்டரிடமும் காட்டுங்கள்.

நின்றுவிட்டால்

நான்கு வாரமாக எடையும் அசையவில்லை, இடுப்பும் அசையவில்லை என்றால் மேலே சொன்ன கணக்கைப் புது எடையில் மறுபடி போடுங்கள். சமையலறைத் தராசை மீண்டும் எடுத்து ஒரு வாரம் சோறு, எண்ணெய், கடலை மூன்றையும் அளங்கள். பெரும்பாலும் 150 கிராம் சோறு 220 ஆகியிருக்கும், யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. அப்புறம் தூக்கத்தைப் பாருங்கள். ஐந்து மணி நேரத் தூக்கத்தில் பசி கூடத்தான் செய்யும். இதெல்லாம் சரியாக இருந்தால் சாப்பாட்டை இன்னும் வெட்டாதீர்கள், இரவு நடையை அரை மணியாக்குங்கள். 1,200 கலோரிக்குக் கீழே யாரையும் நான் போகச் சொல்வதில்லை. 2016ல் வெளியான கெவின் ஹாலின் இன்னொரு ஆய்வு, டிவி போட்டி ஒன்றுக்காகச் சில மாதங்களில் கண்மூடித்தனமாக எடை குறைத்த 14 பேரைப் பற்றியது. ஆறு ஆண்டு கழித்தும் அவர்கள் உடம்பின் ஓய்வுநிலைச் செலவு, இருக்க வேண்டியதைவிட நாளுக்கு 500 கலோரி குறைவாகவே இருந்தது. பெரும்பாலோருக்கு எடையும் திரும்பிவிட்டது.

நினைத்த எடை வந்தபின் ஒரே நாளில் பழைய தட்டுக்குப் போகாதீர்கள். மதியச் சோற்றில் வாரத்துக்கு 30 கிராம் கூட்டி, வாரச் சராசரியைப் பாருங்கள். எந்த அளவில் எடை ஏறத் தொடங்குகிறதோ, அதற்கு ஒரு படி கீழே உங்கள் சோற்றின் அளவு. அமெரிக்காவில் 1994லிருந்து, எடை குறைத்துத் தக்கவைத்தவர்களைப் பதிவு செய்து தொடர்ந்து பார்க்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நாளுக்கு ஒரு மணி நேரம் பக்கம் ஏதாவது உடலசைவில் இருப்பவர்கள், நடையே அதிகம். அதனால் இந்தக் கட்டத்தில் தசைப் பயிற்சியை இரண்டு நாளாகக் குறைத்துக்கொள்ளலாம், நடையைக் குறைக்க வேண்டாம். எடை இரண்டு கிலோ ஏறியதும் மறுபடி சோற்றை எடை போடத் தொடங்குங்கள். ஐந்து கிலோ ஏறட்டும் என்று காத்திருந்தால் திரும்ப இறக்குவது கஷ்டம்.